அரை விழுக்காடு

மிகேலா கோல் பற்றி யார் எழுதினாலும் அந்தப் பத்து லட்சம் டாலர் வந்துவிடுகிறது. 2017இல் அவருடைய அடுத்த தொடருக்கு நெட்ஃப்ளிக்ஸ் தர முன்வந்த தொகை, அவர் மறுத்தார். ‘பணத்தைத் தூக்கியெறிந்த பெண்’ என்று இதைக் கொண்டாடுவதைப் படித்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. பெண் பணத்தைத் துறந்தால் கைதட்டுவதும் கணக்குக் கேட்டால் முகம் சுளிப்பதும் நமக்குப் பழகிய வழக்கம். கோல் எதையும் துறக்கவில்லை. கணக்குத்தான் கேட்டார்.

காப்புரிமையில் ஐந்து விழுக்காடாவது வேண்டும் என்றார். பிறகு இரண்டு, ஒன்று, கடைசியில் அரை. தொலைபேசியில் பேசிய பெண் அதிகாரி மேலிடத்தைக் கேட்க வேண்டும் என்றவர், சற்று நிறுத்தி, நீங்கள் செய்வது சரி, உங்களை நினைத்துப் பெருமையாக இருக்கிறது என்றாராம். 2020இல் ஒரு பேட்டியில் கோல் இதைச் சொன்னார். பெருமைப்படச் செலவேதும் இல்லை. ஒப்பந்தத்தை ஏற்கச் சொல்லி அழுத்திய முகமை சிஏஏவுக்கும் அதில் தனியே பணம் வரவிருந்தது தெரிந்ததும், அமெரிக்காவில் அவர்களுடனான உறவை முறித்துக்கொண்டார்.

அரை விழுக்காட்டுக்கு ஏன் இத்தனை பிடிவாதம்? கிழக்கு லண்டனில் வளர்ந்த, கானா நாட்டுப் பெற்றோரின் மகள் அவர். தனியொருத்தியாக மேடையில் நடித்த நாடகத்திலிருந்து 2015இல் ‘சூயிங் கம்’ தொடர் வந்தது. எழுத்தும் அவரே, நாயகியும் அவரே. இரண்டாம் பருவத்தை எழுதும்போது, காலை ஏழு மணிக்கு ஓர் அத்தியாயத்தைக் கொடுத்தாக வேண்டும் என்று நிறுவன அலுவலகத்திலேயே இரவெல்லாம் உட்கார்ந்திருக்கிறார். இடையில் ஒரு நண்பரைப் பார்க்க வெளியே போனார். நினைவு திரும்பியபோது மீண்டும் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். இடைப்பட்ட நேரத்தில் முன்பின் தெரியாதவர்களால் பாலியல் வன்முறைக்கு ஆளாகியிருந்தார். 2018இல் எடின்பரோவில் மக்டகார்ட் உரையில் அவரே இதைச் சொன்னார்.

அது ஒரு வேலைநாளின் இரவு என்பதை விமர்சகர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். ‘ஐ மே டெஸ்ட்ராய் யூ’ அந்த இரவிலிருந்து பிறந்தது. உரிமை முழுவதையும் எழுதிக்கொடுத்திருந்தால் அந்த இரவும் கம்பெனிச் சொத்தாகியிருக்கும். பிபிசி உரிமையையும் படைப்புக் கட்டுப்பாட்டையும் அவரிடமே விட்டது. தயாரிப்பில் அவருடைய சொந்த நிறுவனமும் சேர்ந்தது. 2021இல் எழுத்துக்கு எம்மி கிடைத்தது. ஆனால் மறுப்பதற்குத் துணிச்சல் மட்டும் போதாது, போக இன்னொரு வாசல் வேண்டும். பிரிட்டனில் 2003ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் சுயாதீனத் தயாரிப்பாளர்கள் உரிமைகளைத் தம்மிடம் வைத்துக்கொள்ள வழி பிறந்தது. மக்கள் கட்டும் உரிமக் கட்டணத்தில் நடக்கும் ஒளிபரப்பு அங்கே இருக்கிறது. இதைச் சொல்லாமல் வீரத்தை மட்டும் பாடினால், கையெழுத்திட்ட மற்ற பெண்களைக் கோழைகளாக்கிவிடுவோம்.

தொடரின் பன்னிரண்டு அத்தியாயங்களிலும் சம்மதம் படுக்கையறையோடு நிற்பதில்லை. அரபெல்லாவின் புத்தகத்தை முடிக்க உதவப் பதிப்பகம் அனுப்பிவைக்கும் ஜெய்ன், உறவின் நடுவில் அவளுக்குத் தெரியாமல் ஆணுறையைக் கழற்றிவிடுகிறான். பதிப்பாளர் சூசியோ, அவளுக்கு நேர்ந்த வன்முறையைக் கேட்டதும் அதில் ஒரு புத்தகத்தைப் பார்த்துவிடுகிறார். சூசியும் கறுப்பினப் பெண் என்பது இந்தக் காட்சியை இன்னும் கசப்பாக்குகிறது. கோல் அவருக்குச் சலுகை காட்டவில்லை.

கடைசியில் அரபெல்லா புத்தகத்தைத் தானே வெளியிடுவது மட்டும் எனக்கு நிறைவாக இல்லை. முன்பணத்தைச் செலவழித்துவிட்டு நின்றவளிடம் அச்சுக்கூலி ஏது? சிறுபதிப்பகங்களுக்கு எழுதுகிறவர்களுக்கு இந்தக் கேள்வி தானாக வரும். பணத்தை இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்த தொடர், அந்த இடத்தில் மட்டும் ரசீதைக் காட்டாமல் போய்விடுகிறது.