கடாரம் கொண்டோம், கண்டோமா?

கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் முற்றத்தில் எட்டாம் வகுப்பு மாணவர்கள் சூழ நின்று, இராசேந்திரன் பெருமையை விளக்கிக் கொண்டிருந்தேன். 1025 ஆம் ஆண்டில் கலம் பல செலுத்திக் கடாரம் வென்றான். சீவிசய மன்னன் சங்கிராம விசயோத்துங்கவர்மனைப் பிடித்தான். யானைகளையும் மணிகள் இழைத்த வாயிற்கதவையும் கைக்கொண்டான் என்று குரல் உயர்த்திச் சொன்னேன். மார்புகள் நிமிர்ந்தன, கண்கள் ஒளிர்ந்தன. அப்போது ஒரு சிறுமி கேட்டாள்: “ஐயா, அந்த ஊரு சனங்க எப்படி இருந்தாங்க? அவங்களும் சோறுதான் சாப்பிட்டாங்களா?”

பட்டம் பெற்றவன் நான். பாடம் நடத்த ஊதியம் பெறுபவன். ஆயினும் பதில் இல்லை. வீடு திரும்பி ஏடுகளைப் புரட்டினேன். இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியிடமும் பதில் இல்லை!

மெய்க்கீர்த்தியை வீரத்தின் சாசனமாகப் படித்துப் பழகிவிட்டோம். பயண இலக்கியமாக ஒருமுறை படித்துப் பாருங்கள். ஊர்ப்பெயர்கள் அடுக்கடுக்காக வருகின்றன. அகழி சூழ்ந்த ஊர், மதில் உயர்ந்த ஊர், கடல் காக்கும் ஊர் என்று அடைமொழிகளும் வருகின்றன. மனிதர் எவரும் வரவில்லை. கோட்டையின் வலிமை தெரிகிறது. உள்ளே வாழ்ந்தவன் மொழி தெரியவில்லை. கொள்ளைப் பொருளின் கணக்கு இருக்கிறது. பொருளை இழந்தவன் முகம் இல்லை. அந்தப் படையெடுப்பின் ஆயிரமாம் ஆண்டை 2025-இல் கொண்டாடினோம். விழா எடுத்ததில் தவறில்லை. ஆனால் சிறுமியின் கேள்வியை அந்த விழாவில் யார் கேட்டார்?

அரசன் போர் மேல் சென்றான். அவன் அப்படித்தான் எழுதுவான் என்பீர்கள். வணிகன் என்ன எழுதினான்? சுமத்திராவின் பாருசு அருகே, 1088 ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் நிறுத்திய கல் அது. வரும் கலங்கள் செலுத்த வேண்டிய பொன்னைப் பற்றி அது பேசுகிறது. சீனத்துக் குவான்சௌ துறைமுகத்தில் 1281-இல் சம்பந்தப் பெருமாள் என்பவர், அந்நாட்டுப் பேரரசர் குப்ளாய்கானின் நலம் வேண்டிச் சிவன் திருமேனியை நிறுவித் தமிழில் கல் பொறித்தார். அந்தக் கல்லில் கோயில் இருக்கிறது, பேரரசர் இருக்கிறார். அண்டை வீட்டுச் சீனர் இல்லை.

அதே குவான்சௌவில், சம்பந்தப் பெருமாளுக்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு, சௌ ஜூகுவா என்றொரு சுங்க அதிகாரி இருந்தார். துறைமுகத்துக்கு வந்த மாலுமிகளையும் வணிகர்களையும் விசாரித்து, அயல்நாடுகளைப் பற்றி 1225-இல் நூல் எழுதினார். சோழ நாட்டைப் பற்றியும் அதில் எழுதினார். சுங்கம் வாங்கிய சீனர் நம்மைப் பற்றி நூல் எழுதினார்; நாமோ சுங்கத்தைப் பற்றிக் கல்வெட்டு எழுதினோம்! இங்கே மாளிகைமேட்டு அகழாய்வில் சீனப் பீங்கான் சில்லுகள் கிடைத்துள்ளன. சீனத்துப் பாண்டம் நம் ஊர் வந்து சேர்ந்தது. அதை வனைந்தவனைப் பற்றி ஒரு வரிச் செய்தி வரவில்லை.

அப்படியானால், பிறரை அறியும் ஆவலே தமிழனுக்கு இல்லையா? இருந்தது. மணிமேகலையில் சாதுவன் கதையை எண்ணிப் பாருங்கள். கலம் உடைந்து நாகர் மலையில் ஒதுங்குகிறான். மனிதரைத் தின்னும் அம்மக்களிடமிருந்து அவனைக் காத்தது வாளன்று. அவர்கள் மொழியை அவன் அறிந்திருந்ததே! தலைவனோடு அமர்ந்து உரையாடுகிறான். அவன் கேட்கும் கேள்விகளுக்கு விடை சொல்கிறான். ஊன் உண்பதை ஒரே நாளில் விட்டுவிடு என்று கட்டளையிடவில்லை; மூத்துத் தானே இறக்கும் விலங்கின் ஊனை விலக்காமல் விடுகிறான். கற்பனையே ஆயினும், அயலானோடு பேசத் தெரிந்தவன் பிழைப்பான் என்று பாடிய புலவன் நம் மொழியில் இருந்தான்.

அந்த விதை ஏன் முளைக்கவில்லை? பௌதாயன தருமசூத்திரம், சாதியை இழக்கச் செய்யும் பாவங்களில் கடற்செலவையும் சேர்த்தது. கணித மேதை இராமானுசன் 1914-இல் கேம்பிரிட்சு சென்றார். 1920-இல் அவர் மறைந்தபோது, கடல் கடந்ததற்குக் கழுவாய் செய்யவில்லை என்று வைதிக உறவினர் பலர் இறுதிச் சடங்குக்கே வரவில்லை. உலகமே வியந்த அறிவுக்கு இதுதான் மரியாதை! மறுபுறம், 1860-இல் ‘துரூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து நேட்டாலுக்கு முதல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்றது. 1911 வரை ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் இந்தியர் அங்கே சென்றனர். அவர்களில் பெரும்பாலோர் சென்னையில் கப்பலேறியவர்கள். அவர்கள் பெயரையும் ஊரையும் சாதியையும் குமாத்தா பட்டியலில் எழுதினான். அவர்கள் கண்டதை எழுத எவருமில்லை. எழுத்தைத் தனக்கென்று வைத்துக் கொண்டவன் கப்பலேறவில்லை. கப்பலேறியவனுக்கோ எழுத்தைக் கொடுக்கவில்லை. நம் பயண இலக்கியத்தின் வறுமைக்குச் சாதியே முதற்காரணம் என்பேன்.

இந்த வறட்சியில் ஊற்றாகத் தோன்றியவர் கோட்டையூர் ஏ. கே. செட்டியார். 1911-இல் பிறந்தவர், சப்பானிலும் அமெரிக்காவிலும் ஒளிப்படக்கலை பயின்றவர், நாடு நாடாக அலைந்து காந்தியாரைப் பற்றிய ஆவணப்படத்தை 1940-இல் வெளியிட்டவர். அவருடைய ‘உலகம் சுற்றும் தமிழன்’ அடைமொழிகளைத் துறந்த உரைநடை. சிறு சிறு வாக்கியங்கள். தம்மைப் பற்றிய பேச்சோ மிகக் குறைவு. பெரிய மாளிகைக்குத் தரும் இடத்தை வழியில் பழகிய எளிய மனிதருக்கும் தருகிறார். வணிக மரபில் வந்தவர், வரவு செலவை விட்டு மனிதரைக் கண்டார்!

குறையும் உண்டு. செட்டியார் காட்டுகிறார், காரணம் தேடி ஆழச் செல்வதில்லை. வேற்றுமையைக் கண்டு புன்னகைக்கிறார். அங்கே அப்படி, இங்கே ஏன் இப்படி என்று நம்மைப் பிடித்து உலுக்குவதில்லை. ஆனால் அவருக்குப் பின் வந்த பயண நூல்கள் பலவற்றில் அந்தக் கண்ணும் இல்லை. விமானத்தின் சொகுசு, விடுதியின் பளபளப்பு, இட்லி கிடைக்காத ஏக்கம், தமிழ்ச்சங்கத்து மாலை. பக்கங்கள் நிரம்புகின்றன, அந்நாட்டு மக்களைக் காணோம். மெய்க்கீர்த்தியின் பேரப்பிள்ளைகள் இவை!

தோழர்களே, பகுத்தறிவு என்பது பிறர் பழமையை மட்டும் சோதிப்பதன்று. நாம் விரும்பும் பெருமையையும் சோதிப்பது. கடாரம் கொண்டதைச் சொல்வோம். கடாரத்தானைக் காணத் தவறியதையும் சேர்த்துச் சொல்வோம்.

கேள்வி கேட்ட சிறுமியின் தந்தை வளைகுடா நாடொன்றில் கொத்துவேலை செய்கிறார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியும். அன்று நேட்டாலுக்குச் சென்றவனுக்குக் கிட்டாத கருவி அது. உடன் வேலை செய்வோர் எந்த நாட்டார், என்ன உண்கிறார்கள், எதற்குச் சிரிக்கிறார்கள், எதற்கு அஞ்சுகிறார்கள் என்று கேட்டுத் தந்தைக்கு எழுதச் சொன்னேன். அவர் விடை வந்ததும் வகுப்பில் படிப்போம். மெய்க்கீர்த்திக்கு அடுத்த பாடம் அதுதான்.