கழுவினால் போகுமா?

கீழக்கரையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். துபாயில் வேலை பார்க்கும் தம்பி லீவில் வந்திருக்கிறானாம். மதியச் சாப்பாடு முடிந்ததும் மாடியில் போய் உட்கார்ந்து, கைக்கு அடக்கமான ஒரு கருவியைப் பிரித்துப் போட்டு, ட்வீசர், கத்தரி, பஞ்சு சகிதம் அரை மணி நேரம் எதையோ நோண்டுகிறான். என்னடா என்று கேட்டால், ‘காயில் க்ளீன் பண்றேன் காக்கா. டெய்லி க்ளீன் பண்ணிட்டா ஒடம்புக்கு ஒண்ணும் ஆகாது’ என்கிறான். (அண்ணனை அங்கே காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.) ‘இது உண்மையா?’ என்று கேட்கிறார் காக்கா.

சுருக்கமான பதில், இல்லை. விரிவான பதில் கொஞ்சம் சுவாரஸ்யமானது. ஆகவே உட்காருங்கள்.

அந்தத் தம்பி வைத்திருப்பது மின்னணு சிகரெட்டில் ஒரு ஜாதி. ‘ரீபில்டபிள்’ என்பார்கள். தீர்ந்ததும் தூக்கியெறியும் ரகமில்லை. பிரித்து, துலக்கி, உள்ளே இருக்கும் கம்பிச் சுருளை நாமே சுற்றி மாட்டிக்கொள்ளலாம். உள்ளே பெரிதாக மந்திரம் ஒன்றுமில்லை. ஹாஸ்டலில் திருட்டுத்தனமாக டீ போட்ட காயில் அடுப்பு ஞாபகமிருக்கிறதா, அதன் பேரக்குழந்தைதான் இது. ஒரு லித்தியம் பேட்டரி, இரண்டு ஸ்க்ரூ, நடுவில் ஆறேழு சுற்று மெல்லிய கம்பி, அதன் வயிற்றில் நுழைத்த பஞ்சுத் திரி. திரி ஒரு திரவத்தை உறிஞ்சும். அதில் ப்ரொப்பிலீன் க்ளைக்கால், க்ளிசரின், நிகோட்டின், அப்புறம் மாம்பழமோ புதினாவோ ஒரு வாசனை. பட்டனை அமுக்கினால் கம்பி சூடாகி திரவம் ஆவியாகும்.

பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த ஓம் விதிக்கு இங்கே திடீர் மரியாதை. காயிலின் மின்தடை 0.5 ஓம், பேட்டரி 3.7 வோல்ட் என்றால் 7.4 ஆம்பியர் ஓடும். சுமார் 27 வாட். ரேடியோ ரிப்பேர் கடையில் இருக்கும் சின்ன சால்டரிங் அயர்னை உதட்டுக்கு ஓர் அங்குலம் தள்ளி வைத்துக்கொள்வது போல. புகை நிறைய வரட்டும் என்று 0.1 ஓமுக்குச் சுற்றினால் கணக்குப்படி 37 ஆம்பியர். பல செல்களுக்கு இது தாங்காது. வெடித்து வாயைப் புண்ணாக்கிக்கொண்டவர்கள் வெளிநாட்டில் உண்டு.

சரி, எதற்காகக் கழுவுகிறார்கள்? திரவத்தில் இருக்கும் இனிப்பு சூட்டில் கருகி, கம்பி மேல் பழுப்பாகப் பொருக்குத் தட்டும். அடிப்பிடித்த பாயசப் பாத்திரம் மாதிரி. நாலைந்து நாளில் ருசி கெட்டு கருகல் வாடை வரும். உடனே பஞ்சை உருவிவிட்டு, வெறும் காயிலில் கரன்ட் விட்டு சிவக்கச் சிவக்கக் காய்ச்சி, பொருக்கைச் சாம்பலாக்கி, குழாயடியில் காட்டி, சின்ன பிரஷ்ஷால் தேய்த்து, புதுப் பஞ்சு நுழைத்து, இரண்டு பக்கமும் நறுக்கி, சொட்டுச் சொட்டாக நனைத்து மறுபடி மாட்டுவது. ரொம்பவும் தேய்ந்துபோனால் புதுக் கம்பி.

டிசைன் என்ற அளவில் இந்த வஸ்துவுக்கு நான் நல்ல மார்க் போடுவேன். வாங்கினவனே திறக்க முடிகிற கருவி எத்தனை இருக்கிறது இன்றைக்கு? செல்போனின் பின்பக்கத்தை நகத்தால் திறந்த காலம் போயேபோச்சு. இதில் எல்லா உறுப்பும் கண்ணுக்குத் தெரிகிறது, எல்லாவற்றையும் மாற்றலாம். தவிர, எதை உள்ளே இழுக்கிறோம் என்பதை அந்தப் பழுப்புப் பொருக்கு ஒளிவு மறைவில்லாமல் காட்டிவிடுகிறது. தூக்கியெறியும் ரகத்தில் காயில் கலர் கலர் பிளாஸ்டிக்குக்குள் சமாதியாக இருக்கும், யாரும் பார்க்க மாட்டார்கள்.

என் புகார், கழுவும்போது கிடைக்கும் திருப்தி மேல். ராமேஸ்வரம் கோயிலில் 22 தீர்த்தத்திலும் வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொண்டு சொட்டச் சொட்ட வெளியே வரும்போது மனசு லேசாகும். போனவர்களுக்குத் தெரியும். தண்ணீருக்கும் தேய்ப்பதற்கும் அப்படி ஒரு சக்தி இருக்கிறது. பளபளவென்று காயிலைப் பார்க்கும்போது தம்பிக்கும் அதே லேசு. தப்பில்லை. ஆனால் நுரையீரலுக்கு அந்தச் சமாசாரம் போய்ச் சேருவதில்லை.

ஏன் என்று பார்க்க பாம்பன் வரை போகலாம். உலகத்திலேயே இரும்பு மிக மோசமாகத் துருப்பிடிக்கும் கடலோரங்களில் அது ஒன்று. 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தைச் சுரண்டிச் சுரண்டிப் பெயின்ட் அடித்தே காப்பாற்றினார்கள். 2022 டிசம்பரில் அதில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதுப் பாலத்தில் கான்க்ரீட்டுக்குள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி போட்டார்கள், மேலே பாலிசிலாக்சேன் பூச்சு அடித்தார்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஏன் துருப்பிடிப்பதில்லை? அதிலுள்ள குரோமியம் காற்றோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய தோலைப் போர்த்திக்கொள்கிறது. சுரண்டினாலும் மறுபடி வளரும் தோல்.

காயில் கம்பியும் இதே குடும்பம்தான். நிக்ரோம் என்றால் நிக்கலும் குரோமியமும். காந்தல் என்றால் இரும்பு, குரோமியம், அலுமினியம். (காந்தல் ஸ்வீடன் நாட்டுப் பெயர். நம் ஊர்ச் சட்டியடிக் காந்தலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பொருத்தம் மட்டும் அபாரம்.) அலுமினியம் ஆக்ஸைடு தோல் இருப்பதால்தான் சிவக்கக் காய்ந்தும் கம்பி உதிராமல் நிற்கிறது. பாலத்தை யாரும் நாளைக்கு முந்நூறு தடவை காய்ச்சி ஆற வைப்பதில்லை. காயிலுக்கு அதுதான் வாழ்க்கை, அதுவும் ஒரு திரவத்தில் ஊறிக்கொண்டே. தோல் முழுசாகக் காப்பாற்றுகிறதா?

2018-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் இதைச் சோதித்தார்கள். தினமும் பிடிக்கும் 56 பேரை, அவரவர் சொந்தக் கருவியோடு வரவழைத்தார்கள். பாட்டிலில் இருக்கும் திரவம், கருவிக்குள் காயிலோடு பழகிய திரவம், வெளியே வரும் ஆவி மூன்றையும் அளந்தார்கள். பாட்டிலில் உலோகம் சொற்பம். காயிலைத் தொட்ட பிறகு ஈயம், குரோமியம், நிக்கல், மாங்கனீஸ் எல்லாம் எகிறியிருந்தது. ஆவி மாதிரிகளில் கிட்டத்தட்ட பாதியில், ஈயம் அந்த நாட்டுச் சுற்றுச்சூழல் அமைப்பின் வரம்பைத் தாண்டியிருந்தது.

அடுத்ததுதான் நம் தம்பிக்கு முக்கியம். அடிக்கடி காயில் மாற்றுகிறவர்களின் ஆவியில்தான் உலோகம் அதிகம் இருந்தது. காரணம் தெளிவாகத் தெரியவில்லை என்றார்கள். புதுக் கம்பி சுலபமாக உலோகத்தை விடுகிறது போலும் என்று ஓர் அனுமானம். ஆக, ‘பழசைத் தூக்கிப் போட்டுட்டு புதுசு மாட்டிக்கிட்டேன், இப்ப ப்யூர்’ என்பது நேர் எதிராகவே இருக்கலாம். கழுவுவதால் ஒரு லாபமும் இல்லையா? இருக்கிறது. பொருக்கு போனால் கருகல் குறையும், ருசி திரும்பும். அவ்வளவுதான் லாபம். நிகோட்டின் கழுவுவதற்கு முன்னும் பின்னும் அதே நிகோட்டின்.

தூக்கியெறியும் ரகம் தேவலையோ என்று யாரும் தாவ வேண்டாம். 2025-ல் கலிஃபோர்னியா ஆய்வாளர்கள் சோதித்ததில், அப்படிப்பட்ட ஒரு கருவி ஒரு நாள் உபயோகத்தில் விட்ட ஈயம் கிட்டத்தட்ட 20 பாக்கெட் சிகரெட்டில் வருவதைவிட அதிகம். பிரிட்டனில் 2025 ஜூன் 1 முதல் அந்த ரகத்தை விற்கத் தடை. திரும்ப நிரப்புவது மட்டும் அங்கே தொடரலாம், சிகரெட்டை விட நினைப்பவர்களுக்கு உதவும் என்பது அவர்கள் கட்சி.

நம் ஊரில் அந்தப் பேச்சே கிடையாது. 2019 செப்டம்பரில் அவசரச் சட்டம், டிசம்பரில் முழுச் சட்டம். தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாவற்றுக்கும் தடை. முதல் தடவை மாட்டினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இழுப்பவருக்கென்று தனியாகத் தண்டனை எழுதவில்லை. ஆனால் இறக்குமதித் தடை அட்டமைசர், ரீஃபில் போன்ற உதிரி பாகங்கள் வரை நீள்கிறது. துபாயில் கடையில் வாங்கலாம், மதுரை ஏர்போர்ட்டில் இறங்கினால் அதே சாமான் தடை செய்யப்பட்ட சரக்கு. ஆகவேதான் தம்பி, இருக்கிற ஒரு காயிலை இப்படி விழுந்து விழுந்து துலக்குகிறானோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இந்தச் சட்டத்தின் மேல் எனக்குக் கோபமில்லை, சின்ன ஆச்சரியம் உண்டு. அதே கடற்கரையில் மண்டபம், வேதாளை, உச்சிப்புளி பக்கம் ராத்திரியில் பிடிபடும் சரக்கு என்ன தெரியுமோ? பீடி இலை. மூட்டை மூட்டையாக. மத்திய இந்தியக் காடுகளில் பறித்த இலை, ஃபைபர் படகில் இலங்கைக்குப் போகப் பார்க்கும். அங்கே இதற்கு வரி அதிகம், அதனால் கடத்தல். கஸ்டம்ஸும் கியூ பிராஞ்சும் பிடித்துக்கொண்டே இருக்கிறார்கள். அது ஏற்றுமதிக் குற்றம் மட்டும்தான். பீடி எந்தத் தடையுமில்லாமல் பெட்டிக்கடையில் தொங்குகிறது. பீடிக்குக் காயில் கிடையாது, பிரஷ் கிடையாது, சுத்தமாக இருக்கிறோம் என்கிற பிரமையும் கிடையாது. பிடிக்கிறவர்கள் இருமிக்கொண்டே, ‘விடணும் சார்’ என்கிறார்கள். தம்பிக்கு அந்த எண்ணமே வராதபடி தினசரி அரை மணி நேரப் பராமரிப்பு பார்த்துக்கொள்கிறது.

காக்கா, தம்பியோடு சண்டை போட வேண்டாம். கருவியைப் பிடுங்கினால் துபாய் போய் இன்னொன்று வாங்குவான். அந்த 56 பேர் கதையைச் சொல்லுங்கள். பழைய பேட்டரியை மட்டும் கடலிலோ குப்பையிலோ போட வேண்டாம் என்று சொல்லுங்கள், மன்னார் வளைகுடாவில் ஏற்கெனவே வேண்டிய குப்பை இருக்கிறது. விட நினைத்தால் மத்திய அரசின் இலவச போன் ஆலோசனை இருக்கிறது, 1800-11-2356. பீடிக்கட்டிலேயே அச்சடித்திருப்பார்கள். தம்பியின் கருவியில் இருக்காது. தடை செய்த பொருளுக்கு ஏது லேபிள்?