ஒரு சொடுக்கின் நுட்பம்
மோட்டோகிராஸ் பைக்கின் சஸ்பென்ஷனை, அதாவது சக்கரத்துக்கும் உடற்சட்டத்துக்கும் இடையில் நின்று அதிர்ச்சியை வாங்கும் சுருள்வில்லும் எண்ணெயும் சேர்ந்த அமைப்பை, ஓட்டுநருக்கும் தரைக்கும் ஏற்பப் பதப்படுத்தும் வேலை, யாழுக்குச் சுருதி கூட்டுவதைப் போல விரல் நுனியை நம்பி நடப்பது. ஓட்டுநர் முழு உடுப்புடன் ஏறி நிற்க, பின்பகுதி எவ்வளவு அமிழ்கிறது என்று முதலில் அளக்கிறார்கள். சக்கரம் ஏறத்தாழ 300 மில்லிமீட்டர் மேலும் கீழும் அசையக்கூடிய வண்டியில் அமிழ்வு 100 மில்லிமீட்டரை ஒட்டி நின்றால் போதும்.

அதற்குப் பின் வருவதே ரசிக்கத்தக்கது. எண்ணெய் செல்லும் வழியைக் குறுக்கும் சிறு திருகைத் திருப்புளியால் முட்டும்வரை மெல்ல இறுக்கி, அங்கிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டே திருப்பும்போது எழும் 'டிக், டிக்' என்ற சொடுக்கு, காதைவிடக் கைக்கே நன்றாகத் தெரிகிறது. ஒரு திருகு வில் அமுங்கும் வேகத்தையும் மற்றொன்று, பலரும் கவனிக்க மறப்பது, அது மீளும் வேகத்தையும் ஆள்கின்றன. பெல்ஜியத்தின் லொம்மெல் தடத்து ஆழ்மணலில் முன்சக்கரம் புதையாதிருக்க முன்புறத்தை விறைப்பாக்கும் கைகள், கற்பாதைக்கு வந்ததும் அதையே தளர்த்துகின்றன. ஒரு முறைக்கு ஓரிரு சொடுக்குகள் மட்டுமே மாற்றி, அதே வளைவை மீண்டும் மீண்டும் ஓட்டிப் பார்த்தபின், ஏதோ ஒரு சுற்றில் கைப்பிடியின் நடுக்கம் அடங்கி, சக்கரம் துள்ளாமல் கற்களைத் தழுவியபடி உருள்கிறது.