வழிநூலும் சார்புநூலும்: ‘டாங்கி காங் 3’ ஆட்டத்தின் மரபு மாற்றம்

நிண்டெண்டோ 1983இல் வெளியிட்ட ‘டாங்கி காங் 3’ என்னும் ஆர்கேட் ஆட்டம், முதல் ஆட்டத்தின் இலக்கணத்தைக் கைவிட்டது என்பர். குறை பொய்யன்று. 1981இல் வந்த முதல் ஆட்டத்தில், உருண்டுவரும் பீப்பாய்களைத் தாண்டி, ஏணிகளில் ஏறி, உச்சியில் நிற்கும் குரங்கை வீரன் நெருங்குகிறான். மூன்றாவதில் ஏணி இல்லை, மரியோவும் இல்லை. ஸ்டான்லி என்னும் பூச்சி ஒழிப்பாளன் பசுங்குடிலில் நின்று மருந்தடிக்கிறான்.

நன்னூல் நூல்களை முதல், வழி, சார்பு என வகுக்கிறது. முதல்நூலின் முடிவோடு முழுதும் ஒத்து, வேண்டிய வேறுபாடு கொள்வது வழிநூல். சிறிதே ஒத்து வேறுபடுவது சார்புநூல். 1982இல் வந்த ‘டாங்கி காங் ஜூனியர்’ வழிநூல் போன்றது: மரியோ பகைவனாகிறான், ஏணியின் இடத்தில் கொடி வருகிறது, ஏறுதல் மாறவில்லை. மூன்றாவதைச் சார்புநூலாகவே அளக்க வேண்டும்.

அவ்வாறு அளந்தால் எஞ்சிய ஒற்றுமை புலப்படும். முன்பு வீரன் குரங்கை நோக்கி ஏறினான். இப்போது குரங்கு இறங்கிவர, வீரன் மருந்தடித்து அதனை மேலே தள்ளுகிறான். பூக்களைக் கவரவரும் பூச்சிகளையும் அதே கருவியால் தடுக்க வேண்டும். பூவைக் காத்தால் குரங்கு இறங்கும். குரங்கைத் துரத்தினால் பூ போகும். ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ (1978) வழிவந்த சுடும் ஆட்டங்களுள் ஒன்றென இதனை ஒதுக்குவோர் இந்த இழுபறியைக் காண்பதில்லை. பெயரில் ‘3’ இல்லாதிருப்பின் இத்தனை கண்டனம் எழுந்திராது. ஆயினும், இறங்கிவருவது குரங்காகவே இருக்க வேண்டும் என்பதற்கு ஆட்டத்தினுள் வலுவான காரணம் இல்லை.