இரு கைகள் போதாத வேலை: மாருதி 800 முன் சஸ்பென்ஷன் புதுப்பிப்பு – ஒரு மதிப்பாய்வு

1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்து, 2014 ஜனவரியில் உற்பத்தி நிறுத்தப்பட்ட மாருதி 800, இந்திய நடுத்தரக் குடும்பங்களின் முதல் காராக நீண்ட காலம் விளங்கியது. எஞ்சின் நன்றாக ஓடியும், குழிகளில் 'தடக் தடக்' என்ற ஓசையும் ஸ்டியரிங்கில் தளர்வும் இருப்பதால் கழித்துக்கட்டப்படும் பழைய வண்டிகள் பல. அக்குறைகளுக்குப் பெரும்பாலும் காரணம் தேய்ந்துபோன முன் சஸ்பென்ஷனே ஆகும். 1990களின் இறுதியில் தயாரான ஒரு மாருதி 800இன் முன் சஸ்பென்ஷனை அதன் உரிமையாளரும் அவருடைய நண்பரும் வீட்டு முற்றத்தில் வைத்தே முழுமையாகப் புதுப்பித்தனர். அப்பணியையும் அதன் பயனையும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

சஸ்பென்ஷன் என்பது சக்கரத்துக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே நின்று, சாலையின் அதிர்ச்சியை உள்வாங்கி, டயர் எப்போதும் தரையைப் பற்றியிருக்கச் செய்யும் அமைப்பு. மாருதி 800இன் முன்பக்கத்தில் இருப்பது மெக்பெர்சன் ஸ்ட்ரட் எனப்படும் வகை. அமெரிக்கப் பொறியாளர் எர்ல் மெக்பெர்சன் 1940களில் உருவாக்கிய இவ்வமைப்பு, 1950இல் பிரிட்டனில் அறிமுகமான ஃபோர்டு கான்சல், செஃபிர் கார்களில் இடம்பெற்று, பின்னர் உலகெங்கும் சிறிய கார்களின் பொது வழக்கமாயிற்று. காயில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக இணைந்து, மேல்முனையில் வண்டியின் உடலோடும் கீழ்முனையில் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளோடும் பிணைக்கப்படுவதால், மேலே தனியாக ஓர் ஆர்ம் தேவைப்படுவதில்லை. ஸ்பிரிங் அதிர்ச்சியை ஏற்கிறது. ஷாக் அப்சார்பர் தன்னுள் உள்ள எண்ணெயைச் சிறு துளைகள் வழியே தள்ளி, ஸ்பிரிங்கின் ஆட்டத்தை வெப்பமாக மாற்றி அடக்குகிறது. கீழே லோயர் ஆர்ம் சக்கரத்தைப் பக்கவாட்டில் நிறுத்த, அதன் வழியே செல்லும் ஸ்டெபிலைசர் பார் சக்கரம் முன்பின் நகராமல் காக்கிறது. பாகங்கள் இவ்வளவு குறைவாக இருப்பதே இவ்வண்டியின் பெரும் பலம். ஆனால், ஒவ்வொரு பாகமும் பல வேலைகளைச் சுமப்பதால், ஒன்று தளர்ந்தாலும் அதன் விளைவு ஸ்டியரிங்கில் உடனே தெரிந்துவிடுகிறது.

கழற்றுவதற்கு முன் எது பழுது என்று கண்டறிவது முறை. வண்டியைத் தூக்கி நிறுத்திய பின், சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஏற்படும் அசைவு லோயர் ஆர்மை நக்கிளோடு இணைக்கும் பால் ஜாயின்ட் அல்லது வீல் பேரிங்கின் தேய்மானத்தையும், இரு பக்கங்களிலும் பிடித்து ஆட்டினால் ஏற்படும் அசைவு ஸ்டியரிங்கை நக்கிளோடு இணைக்கும் டை ராட் எண்டின் தேய்மானத்தையும் காட்டும். ஒருவர் ஸ்டியரிங்கை மெல்லத் திருப்ப, மற்றவர் காயில் ஸ்பிரிங்கின் மீது விரல் வைத்துப் பார்த்தபோது, ஸ்பிரிங் சீராகத் திரும்பாமல் முறுக்கேறி நின்று, பின் 'டிங்' என விடுபட்டது. ஸ்ட்ரட்டின் தலைப்பகுதியில் உள்ள மவுண்ட் இறுகிவிட்டது என்பதற்கு அதுவே சான்று. ஓசையைக் கேட்டதோடு நில்லாமல் விரலாலும் உணர வேண்டியிருந்ததால், இச்சோதனை தனியொருவரால் இயலாததாயிற்று.

கழற்றும் பணியிலும் இதே நிலைதான். மேல் நட்டுகளைக் கழற்றும் கணத்தில் கீழே ஒருவர் ஸ்ட்ரட்டைத் தாங்காவிட்டால், அது சரிந்து பிரேக் ஹோஸின் மீது விழும். முன்சக்கர இயக்க வண்டியாதலால், ஸ்ட்ரட் நீங்கியதும் நக்கிள் வெளிப்புறம் சாயும். அதைப் பிடித்துக்கொள்ளவோ கம்பியால் கட்டிவைக்கவோ தவறினால், டிரைவ் ஷாஃப்டின் உள் இணைப்பு பிரிந்துவிடக்கூடும். எல்லாவற்றிலும் ஆபத்தானது ஸ்பிரிங்கைப் பிரிப்பது. ஸ்பிரிங் கம்ப்ரஸர் எனப்படும் இரு கொக்கித் திருகுகளை எதிரெதிரே மாட்டி, மாறி மாறிச் சிறிது சிறிதாகத் திருகி, ஸ்பிரிங் தன் இருக்கையில் தளர்ந்து நிற்பதை உறுதிசெய்த பின்னரே நடு நட்டைத் தொட வேண்டும். ஒருவர் திருகும்போது மற்றவர் கொக்கிகள் நழுவுகின்றனவா என்று கண்காணித்தது இப்பணியின் மிகத் தேவையான பாதுகாப்பாக அமைந்தது.

வெளியே வந்த பாகங்கள் வண்டியின் நிலையைத் தெளிவாகச் சொல்லின. பழைய ஸ்ட்ரட்டின் தண்டை அழுத்தியபோது முதல் பாதி எதிர்ப்பின்றி உள்ளே இறங்கியது. புதியது முழு நீளத்துக்கும் ஒரே சீராக எதிர்த்தது. லோயர் ஆர்ம் புஷ், அதாவது உலோகக் குழலைச் சுற்றிய ரப்பர் உருளை, வெடித்து வறண்டு, நடுக்குழலைக் கட்டைவிரலால் ஆட்டும் அளவுக்குப் பிடிப்பு இழந்திருந்தது. ரப்பர் ஓடிய தூரத்தால் மட்டுமன்றி வயதாலும் அழிவதால், குறைவாக ஓடிய பழைய வண்டியும் இதற்கு விலக்கல்ல. ஷாக் அப்சார்பரை மட்டும் மாற்றும் பரவலான வழக்கம் ஏன் ஓசையைத் தீர்ப்பதில்லை என்பதற்கு இந்தப் புஷ்ஷே விடை. புதிய புஷ்களை வீட்டில் சுத்தியலால் அடித்து ஏற்றாமல், அருகிலுள்ள லேத் பட்டறையில் பிரஸ்ஸில் வைத்து ஏற்றியது சரியான முடிவு.

பூட்டும்போது பலரும் தவறவிடும் விதி ஒன்று உண்டு. லோயர் ஆர்ம் போல்ட்டை, சக்கரம் அந்தரத்தில் தொங்கும் நிலையில் இறுதியாக இறுக்கக் கூடாது. அவ்வாறு இறுக்கினால், வண்டி தரையில் இறங்கியதும் புஷ்ஷின் ரப்பர் நிரந்தரமாக முறுக்கேறி விரைவில் கிழிந்துவிடும். ஆகவே வண்டியின் எடை சக்கரங்களின் மீது நின்ற பிறகே டார்க் ரெஞ்சால் இறுதி இறுக்கம் தரப்பட்டது. நட்டுகள் தளராமல் காக்கும் ஸ்ப்ளிட் பின்கள், கழற்றிய பின் மீண்டும் பயன்படுத்தப்படவில்லை. அன்றே வீல் அலைன்மென்டும் செய்யப்பட்டது.

பலன் ஐயத்துக்கு இடமற்றது. வேகத்தடையை ஏறி இறங்கியதும் முன்பக்கம் ஒரே அசைவில் அடங்குகிறது. பிரேக் பிடிக்கையில் மூக்கு தாழ்வது குறைந்துள்ளது. திருப்பம் முடிந்ததும் ஸ்டியரிங் தானே நடுநிலைக்குத் திரும்புகிறது. எனினும், 12 அங்குலச் சக்கரங்களும் 2,175 மில்லிமீட்டர் வீல்பேஸும், அதாவது முன், பின் சக்கர மையங்களுக்கு இடையிலான அந்தக் குறுகிய தூரமும், மாறப்போவதில்லை என்பதால், பெரிய குழிகளின் அடி இன்னும் உள்ளே வருகிறது. முன்பக்கம் அடங்கியதும், பின் ஷாக் அப்சார்பர்களின் சோர்வு தனித்துத் தெரிகிறது. அடுத்த வேலை அங்கேதான்.

முடிவாக, எஞ்சினும் உடலும் நல்ல நிலையில் உள்ள மாருதி 800க்கு இப்புதுப்பிப்பு முழு மனதோடு பரிந்துரைக்கத்தக்கது. ஸ்ட்ரட், மவுண்ட், புஷ், பால் ஜாயின்ட் ஆகியவற்றை இருபுறமும் ஒருசேர மாற்ற வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் புகாமல், உறுதியான ஸ்டாண்டுகளும் பின்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டையும் வைக்க வேண்டும். உடன் நிற்க ஒரு நண்பர் கிடைக்காத நாளில், இவ்வேலையைத் தொடங்காமல் இருப்பதே நல்லது.