ஓவியப் பொறியும் அடைமொழியும்

சொற்றொடரைப் பெற்று ஓவியம் ஆக்கித் தரும் செயற்கை நுண்ணறிவுப் பொறிகள் 2022ஆம் ஆண்டில் பலர்க்கும் பயன்படலாயின. அப்பொறிக்கு எழுதித் தரும் தொடரைத் தூண்டுரை என ஈண்டுக் குறிப்போம். தூண்டுரை எழுதக் கற்பிப்போர் பலர், 'அழகிய', 'தலைசிறந்த' என்னும் பொருள்படும் அடைகளை மேன்மேலும் அடுக்குமாறு பணிக்கின்றனர். அது பொருந்துமா என்பதே நாம் ஆராயப் புகுவது.

'செந்தாமரை' எனின் வெண்டாமரை விலக்கப்படும். ஆதலின் அஃது இனச்சுட்டுடைய அடை. 'செஞ்ஞாயிறு' என்பதில் விலக்கப்படுவது யாதும் இன்று. இத்தகைய இனச்சுட்டில்லா அடை செய்யுட்கே உரியது, வழக்கிற்கு உரியதன்று என்பது தொல்காப்பியர் துணிபு. தூண்டுரை செய்யுளன்று, ஒருவரைப் பணியில் ஏவும் வழக்குரையை ஒப்பது. 'அழகிய துறைமுகம்' என்பது எத்துறைமுகத்தையும் விலக்கவில்லை. 'மழை ஓய்ந்த மாலை, ஈரமான கற்றளம், இடப்புறம் பாய் சுருட்டிய மரப்படகு ஒன்று' எனின், ஒவ்வொரு சொல்லும் பிறிதொன்றை விலக்குகின்றது. எனினும், விலக்கு உடன்பாட்டால் நிகழ்தல் வேண்டும். 'படகில்லாத துறைமுகம்' என்றவர்க்குத் தொடக்ககாலப் பொறிகள் பலகாலும் படகையே வரைந்து தந்தன. 'வெறுமையான துறைமுகம்' எனல் நன்று.

புகழ்ச்சி அடைகளும் பயன் தந்தனவே என்பார் உளர். மெய்யே, ஆயின் காரணம் வேறு. ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்றவை இணையத்துப் படங்களையும் அவற்றோடு வந்த குறிப்புகளையும் கொண்டு பயின்றவை. ஒரு புகழ்ச்சொல் எவ்வகைப் படத்தோடு மிகுதியும் வந்ததோ, அவ்வகைச் சாயலையே பொறி தந்தது. தொழிற்பட்டது சொல்லின் பொருளன்று, சேர்க்கையே. பலர் ஆக்கிய படங்கள் ஒரே முகம் கொண்டமைக்கு இதுவும் ஒரு காரணம். 2023இல் வந்த டால்-ஈ 3 பெரிதும் விரிந்த வருணனைகளால் பயிற்றப்பட்டமையின், வருணனை வழி நிற்றலில் முந்தையவற்றினும் மேம்பட்டது.

சேர்க்கையை நம்பியதன் கேடு பெரிது. போலந்து நாட்டு ஓவியர் கிரெக் ருட்கோவ்ஸ்கியின் பெயர் 2022இல் எண்ணிறந்த தூண்டுரைகளில் ஒட்டப்பட்டது. தம் பெயரால் பிறர் ஆக்கிய படங்களிடையே தம் ஓவியங்கள் மறைந்துபோம் என அவர் கவன்றார். அப்பெயரை எழுதியோர் பலர் வேண்டியது அவர்தம் ஓவியமும் அன்று. 'சிறந்த' என்பதற்கு ஈடான ஒரு சொல்லே. ஒருவர்தம் வாழ்நாள் உழைப்பு இவ்வாறு இனச்சுட்டில்லா அடையாகத் தேய்ந்தது.

ஒளி எத்திசையினின்று விழுகின்றது, நிறம் யாது, காண்போன் எங்கு நிற்கின்றான் என்று எழுத வல்லார்க்குப் பிறர் பெயர் வேண்டுவதின்று. தூண்டுரையின் திறம் புகழ்தலில் இல்லை, பிரித்துச் சுட்டலிலேயே உள்ளது என்பது நம் முடிபு.