செங்குள்ளன் பொரியும் நேரம்

சிம்ம ராசியின் பிடரியில் அல்ஜீபா என்றொரு பொன்னிற விண்மீன். மார்ச் மாதம் இரவு பத்தரை மணிக்குத் திருப்பதி மாவட்டத்துப் பாலசமுத்திரத்து மொட்டை மாடியில் பாய் விரித்து மல்லாந்தால் ஏறக்குறைய உச்சிக்கு நேரே நிற்கும். அதிலிருந்து நிலாவின் அகலத்தில் ஆறில் ஒரு பங்கு தள்ளி, வெறுங்கண்ணுக்குச் சிக்காத ஒரு செங்குள்ளன் இருக்கிறது: ஏடி லியோனிஸ், 16 ஒளியாண்டு தூரம். சின்னத் தொலைநோக்கி போதும். அல்ஜீபாவின் வெளிச்சம்தான் தொல்லை. உருப்பெருக்கத்தைக் கூட்டி அதைப் பார்வை வட்டத்துக்கு வெளியே தள்ளிவிடுங்கள்.

பார்த்ததும் ஏமாற்றமாகத்தான் இருக்கும். மங்கலான ஒரு புள்ளி. ரசனையெல்லாம் அது திடீரென வெடித்து, ஒளி ஏறி இறங்கும் விதத்தில்.

தாளிக்கும்போது கடுகு வெடிக்கும் சத்தம் முதலில் வரும். வாசனை கூடத்துக்கு வரக் கொஞ்ச நேரமாகும். இங்கேயும் அப்படித்தான். முறுக்கேறிய காந்தப்புலக் கோடுகள் அறுந்து மறுபடி ஒட்டும்போது பாயும் எலக்ட்ரான்கள் கீழே மோத, புற ஊதாவும் நீல ஒளியும் சட்டென்று எகிறும். அடிவாங்கிக் கொதித்த வாயு மேலெழும்பிக் காந்த வளையங்களை நிரப்பிய பிறகே மென் எக்ஸ் கதிர் உச்சம் தொடும். ஆறுவதும் மெதுவாக. விண்மீனின் மேற்பரப்பு சுமார் 3,400 கெல்வின். வெடிப்போ 9,000-ஐ எட்டும். அதனால் நீல வடிகட்டி போட்டவருக்கு விருந்து, சிவப்பு போட்டவருக்கு ஏதோ அசைந்த மாதிரி.

அரை நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்து, பக்கத்து விண்மீன்களோடு ஒப்பிட்டுப் புள்ளி வையுங்கள். செங்குத்தாக ஏறி, வால் நீட்டி இறங்கினால் வெடிப்பு. ஒரே படத்தில் மட்டும் துள்ளினால், ரேணிகுண்டாவில் இறங்கும் விமானமாக இருக்கலாம்.

புற ஊதாவில் பெரும்பகுதியையும் எக்ஸ் கதிரையும் காற்று மண்டலம் மறித்துவிடும். 2015 செப்டம்பர் 28-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து (அன்று நெல்லூர் மாவட்டம், இன்று நம் திருப்பதி மாவட்டம்) கிளம்பிய ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோள் இரண்டையும் ஒருசேரப் பார்க்கும். 2017-ல் சந்திரா, ஹபிள் தொலைநோக்கிகளோடு சேர்ந்து அது இன்னொரு செங்குள்ளனான பிராக்சிமா சென்டாரியை நோக்கியது. 2019 மே 1-ல் அதே பிராக்சிமா சில நொடிகளுக்குள் புற ஊதாவில் 14,000 மடங்கு பளிச்சிட்டது. மில்லிமீட்டர் அலையிலும் அதே கணம் துள்ளல். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் லேசான சலனம், அவ்வளவே.

நம்மூரில் பிராக்சிமா தென் அடிவானத்திலிருந்து பதினான்கு பாகைக்கு மேல் எழாது, தென்னை மறைத்துவிடும். ஏடி லியோனிஸே உத்தமம். 1985 ஏப்ரல் 12-ல் அது வெடித்து நான்கு மணி நேரத்துக்கு மேல் அடங்கவில்லை. பிளாஸ்கில் காப்பி அதற்கும் சேர்த்து இருக்கட்டும்.